வாயைத் திறந்தால் போதுமா?

பானெட்டைத் தூக்கினால்... – 14

அமெரிக்காவில் நாஸ்கார் என்றொரு கார் பந்தயம். நீள்வட்டத் தளம், கூட்டம் கூட்டமாக ஓடும் கார்கள், காது கிழியும் சத்தம். அங்கே தகுதிச் சுற்று நடக்கும் நாளில் பல வருடங்களாக ஒரு காட்சி தவறாமல் இருந்தது. மெக்கானிக் ஒருவர் காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிரில்லின் மேல் பட்டை பட்டையாக டேப் ஒட்டிக்கொண்டிருப்பார். காற்று போகும் வாயை அடைக்கிறார். அடைத்தால் கார் இன்னும் வேகமாக ஓடும். உள்ளே நுழைந்து ரேடியேட்டரில் முட்டி, இன்ஜினைச் சுற்றித் தடுமாறி, அடிவழியாக வெளியே வர வேண்டிய காற்று இப்போது பானெட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். காற்றின் இழுவை குறையும். முன் சக்கரங்கள் தரையோடு இன்னும் அழுந்தி உட்காரும். தகுதிச் சுற்று சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் இன்ஜின் கொதிப்பதற்குள் வேலை ஆகிவிடும். பந்தயத்தன்று அந்தச் சலுகை கிடையாது. அன்று அளவாக டேப். வெப்பம் ஏறினால் பிட் ஸ்டாப்பில் ஒரு பட்டையைக் கிழித்தெடுப்பார்கள். மேகம் மூடிக் குளிர்ந்தால் ஒன்றைச் சேர்த்து ஒட்டுவார்கள்.

2011 பிப்ரவரியில் டேட்டோனாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். முந்தைய வருடம்தான் அந்தத் தளத்துக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். தளம் வழவழப்பாகிவிட்டதால் ஓட்டுநர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பம்பரோடு பம்பர் ஒட்டி, பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைத் தள்ளியபடியே சுற்று சுற்றாக ஓட்டினார்கள். வேகம் மணிக்கு 206 மைலைத் தொட்டது. நம் கணக்கில் 330 கி.மீ.க்கு மேல். நடத்துபவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. உடனே கிரில் வாயை 2.5 அங்குல உயரம், 20 அங்குல அகலம் என்று கட்டிப்போட்டார்கள். கூலண்ட் அழுத்தத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் காருக்கு ஏற்கெனவே காற்று கிடைக்காது. இப்போது சீக்கிரமே சூடேறும், விலகி இடம் மாறியே ஆக வேண்டும். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகட்டில் கை வைத்தது அதற்குப் பிறகுதான். அந்த வருட டேட்டோனா 500 பந்தயத்தில் 74 முறை முதலிடம் கை மாறியது.

அந்த வாயின் பரப்பு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 50 சதுர அங்குலம். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் வருகிற அளவு. 400 குதிரைச் சக்திக்கு மேல் கக்குகிற இன்ஜின், அந்த இடுக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு 500 மைல் ஓடியது.

நம் ஊரில் நிலைமை நேர்மாறு. இன்ஜின் சூடாவது பற்றி இந்தத் தொடரில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. கிரில்லை அறுத்துப் பெரிதாக்கிவிட்டால் சரியாகுமா? ஜாலியைக் கழற்றிவிட்டு வெறும் கம்பி வலை போடலாமா? பம்பரின் கீழ்ப்பகுதியில் மூடியிருக்கும் பிளாஸ்டிக்கை வெட்டித் திறக்கலாமா? சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு நடை போனால் இந்தக் கேள்விக்குப் பத்துக் கடைகளில் பத்து விதமான ‘ஸ்போர்ட்ஸ் கிரில்’ பதிலாகத் தொங்கும். என் பதில் பெரும்பாலும் ‘வேண்டாம்’. சில பேருக்கு ‘செய்யுங்கள், ஆனால் கடைசியாகச் செய்யுங்கள்.’ ஏன் என்பதுதான் இந்த வாரம்.

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்ப்போம். ஒரு சிறிய பெட்ரோல் கார், நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகம். மணிக்கு ஆறு லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். ஆக இன்ஜினுக்குள் போகும் ஆற்றல் ஏறக்குறைய 53 கிலோவாட். இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே. மிச்சமுள்ள பங்கு, தோராயமாக 17 கிலோவாட், தண்ணீருக்குள் இறங்குகிறது. அதைக் காற்றில் கொட்டுவதுதான் ரேடியேட்டரின் வேலை. ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று 30 டிகிரி சூடேறி வெளியே வருவதாக வைத்தால், விநாடிக்கு அரை கன மீட்டர் காற்று வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் காற்று விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் வந்து மோதுகிறது. வகுத்துப் பாருங்கள். 180 சதுர செ.மீ. பரப்பில் வரும் காற்றே போதும். பத்து செ.மீ. உயரம், பதினெட்டு செ.மீ. அகலம். இழப்புகள் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு வைத்தாலும், உங்கள் காரின் முகத்தில் ஏற்கெனவே இருக்கும் திறப்பு அதைவிடப் பெரியது.

அப்படியானால் கம்பெனிக்காரன் ஏன் அவ்வளவு பெரிய வாய் வைத்தான்? அவன் கணக்குப் போட்டது சமவெளிக்கு அல்ல. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடத்துக்கு. மே மாதம், ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏ.சி. ஓடுகிறது, இரண்டாவது கியர். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் போனாலே தண்ணீருக்குள் இறங்கும் வெப்பம் நெடுஞ்சாலையைவிடச் சற்று அதிகம். எதிர்க்காற்றோ பாதிக்கும் குறைவு. அதே கணக்கைப் போட்டால் 500 சதுர செ.மீ.க்கு மேல் வேண்டும். வளைவுகளில் வேகம் இன்னும் விழும்போது ஃபேன் கைகொடுக்கும். அந்த மோசமான நாளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத்தான் நாம் தினமும் போட்டுக்கொண்டு அண்ணா சாலையில் ஓட்டுகிறோம். மிச்ச நாளெல்லாம் அந்த வாய் தேவைக்கு மேல் பெரியது. இதனால்தான் பல கார்களில் கிரில்லுக்குப் பின்னால் மோட்டார் வைத்துத் திறந்து மூடும் இதழ்கள் வந்துவிட்டன. இது புதிய யோசனையும் அல்ல. 1930-களிலேயே ரோல்ஸ் ராய்ஸ், பேக்கார்ட் கார்களில் தண்ணீரின் சூட்டுக்கேற்பத் தானே திறந்து மூடும் கிரில் சட்டங்கள் உண்டு. இப்போதைய கார்களில் அந்த இதழ்களைத் தேவையில்லாத தடுப்பு என்று நினைத்துப் பிடுங்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். எறிந்தவுடன் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். இன்ஜின் சூடேற அதிக நேரம் எடுக்கும். மைலேஜும் குறையும்.

சரி, வாய் போதும். ஆனாலும் கார் சூடாகிறதே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. காற்று தானாக எங்கும் போவதில்லை. அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுத் தெருக் கதவை எவ்வளவு அகலத் திறந்தாலும் வீட்டுக்குள் காற்று ஓடாது. இரட்டைக் கதவு போட்டாலும் அதே கதைதான். காரில் ரேடியேட்டருக்கு முன்னால் அழுத்தம் ஏறியிருக்க வேண்டும், பின்னால் இறங்கியிருக்க வேண்டும். இந்த வித்தியாசம்தான் காற்றை அந்த மெல்லிய அலுமினியத் துடுப்புகளுக்கு நடுவே தள்ளுகிறது.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 100 கி.மீ. வேகத்தில் காற்று முழுதாக நின்றுபோகும் இடத்தில்கூட ஏறும் அழுத்தம் 460 பாஸ்கல் அளவுதான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ‘யு’ வடிவில் வளைத்து, சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கிரில்லுக்குப் பின்னால் விட்டால், தண்ணீர் மட்டத்தில் நாலே முக்கால் செ.மீ. வித்தியாசம் தெரியும், அவ்வளவே. 40 கி.மீ. வேகத்தில் அதுவும் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விடும். வேகத்தின் வர்க்கத்தில் ஏறி இறங்குகிற சமாசாரம் இது. இவ்வளவு சின்ன மூலதனத்தை வைத்துக்கொண்டு நடத்துகிற வியாபாரம் என்பதால், ஓட்டை ஒழுகலில் விட்டுவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால், கிரில்லில் நுழைந்த காற்று கஷ்டப்பட்டுத் துடுப்புகளுக்குள் புகாமல் சுலபமான அந்தப் பக்கவாட்டு வழியில் நழுவிவிடும். நீங்கள் வாயைப் பெரிதாக்கினால் நழுவும் காற்றுதான் பெருகும்.

போன மாதம் கோவையில் ஒரு டிங்கர் பட்டறையில் கேட்ட உரையாடல் இது. டர்போ டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

“அண்ணா, இந்த ஜாலியெல்லாம் அறுத்து எடுத்துருங்க. காத்து நல்லா உள்ள போகட்டும். சிக்னல்ல நின்னா ஏ.சி.யே கூலிங் ஆகறதில்லைங்.”

பட்டறைக்காரர் பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“உள்ள போறது இருக்கட்டுங் தம்பி. ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு ஃபிளாப் இருந்திருக்குமே, அது எங்க?”

“அது போன வருஷம் முன்னாடி இடிச்சப்ப உடைஞ்சிருச்சுங்ணா. பம்பர் மாத்துனப்ப யாரும் போடலை.”

“மொதல்ல அதைப் போடுங்க. அறுக்கறதை அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த மனிதர் எந்தக் காற்றியக்கப் புத்தகமும் படித்தவரில்லை. சொன்னதோ நூற்றுக்கு நூறு சரி. சிக்னலில் நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்கிறது. பக்கத் தடுப்பு இல்லாவிட்டால், ரேடியேட்டரைத் தாண்டிப் பின்னால் போன சூடான காற்று பக்கவாட்டில் சுற்றி முன்னால் வந்து, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏ.சி. கண்டென்சருக்குள்ளேயே மறுபடி நுழையும். சூட்டைத் தின்று சூட்டைக் கக்குகிற வட்டம். இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் ஃபிளாப்புகளின் விலை, ஸ்போர்ட்ஸ் கிரில்லின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதே, அதனால் யாரும் கேட்டு வாங்குவதில்லை. பம்பர் கழற்றி மாட்டிய எந்தக் காரையும் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஃபிளாப் கிடைக்கவில்லையென்றால் அடர்த்தியான ஃபோம் பட்டையை வெட்டி, ரேடியேட்டர் சட்டத்துக்கும் பம்பருக்கும் நடுவே உள்ள இடுக்குகளை அடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரேடியேட்டரின் வரலாற்றிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1900-இன் கடைசியில் வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைச் சக்தி மெர்சிடிஸ் காரை வடிவமைத்தபோது, முகத்தில் 8,070 சின்னச் சதுரக் குழாய்களை அடுக்கினார். ஒவ்வொன்றும் ஆறுக்கு ஆறு மில்லிமீட்டர். அதற்கு முன்பெல்லாம் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துகொண்டு ஓடிய கார்கள். இவருடைய கார் ஒன்பது லிட்டரில் ஓடியது. காற்று உலோகத்தைத் தொடும் பரப்பு கூடியது, தொடாமல் தப்பிக்கும் வழி குறைந்தது. அவ்வளவுதான் சூட்சுமம்.

1935-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் எஃப்.டபிள்யூ. மெரிடித் என்பவர் விமான ரேடியேட்டர்களைப் பற்றி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். வாய் சிறியதாக இருக்கட்டும். வாயிலிருந்து ரேடியேட்டர் வரை குழாய் மெல்ல விரியட்டும். விரியும்போது காற்றின் வேகம் குறையும், அழுத்தம் ஏறும், துடுப்புகளுக்குள் சாவகாசமாகப் போய் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பின்னால் குழாய் குறுகட்டும்; சூடேறி விரிந்த காற்று வேகமெடுத்துப் பாயும். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானத்துக்கு அடிவயிற்றில் தெரியும் அந்தப் புடைப்பு இதுதான். ரேஸ் கார் கட்டுகிறவர்கள் இன்றும் ரேடியேட்டர் முகப்பின் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவான வாயை வைத்துச் சமாளிப்பது இந்தக் கணக்கில்தான். குழாய் மட்டும் சரியாக அடைத்து மூடியிருக்க வேண்டும்.

வெளியேறும் வழிக்கு இன்னொரு நல்ல உதாரணம், 1982-இல் வந்த கமாரோ, ஃபயர்பேர்ட் கார்கள். ஃபயர்பேர்ட் முகத்தில் கிரில் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. பம்பருக்கு அடியில் தொங்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் உதடு காற்றைத் தடுத்து மேலே ரேடியேட்டருக்குத் திருப்பும். உதட்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் இன்ஜின் அறையிலிருந்து சூடான காற்றை அதுவே கீழே உறிஞ்சி இழுக்கும். நடைபாதைக் கல்லில் உரசி அந்த உதடு உடைந்துபோனால், ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிற கார் நெடுஞ்சாலையில் கொதிக்கும்! வேகமாகப் போனால் குளிர வேண்டும் என்பதுதானே நம் நினைப்பு. நம் ஊர்க் கார்களிலும் முன்பம்பருக்குக் கீழே இப்படி ஒரு சின்ன உதடு, இன்ஜினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். வேகத்தடையில் அடிபட்டுத் தொங்கியதும், ‘இது சும்மா அழகுக்குங்க’ என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். அழகுக்காக அதை யாரும் அடியில் கொண்டுபோய் ஒளித்து வைக்கமாட்டார்கள்.

இதோடு சேர்த்து பானெட் வாஷர் வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். பானெட்டின் பின்பக்கக் கீல்களில் வாஷர்களைக் கொடுத்து, கண்ணாடிப் பக்கம் ஒரு அங்குலம் தூக்கி வைப்பார்கள், சூடு வெளியேறட்டும் என்று. நிற்கும்போது வெளியேறும், உண்மை. ஓடும்போது? முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று மோதி நிற்பதால் அங்கே அழுத்தம் அதிகம். வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறி, கிரில் வழி வரும் காற்றுக்கு எதிராக நிற்கும். 1970-இல் ஷெவர்லே தன் ஷெவெல் காரில் பானெட்டின் பின்பக்கம் கண்ணாடியைப் பார்த்தபடி ஒரு மூடியை வைத்து, அந்த அழுத்தக் காற்றை இன்ஜினுக்குள் இழுத்துக்கொண்டது. அவர்கள் காற்றை உள்ளே எடுக்கப் பயன்படுத்திய இடத்தை நாம் வெளியே விடப் பயன்படுத்துகிறோம். பானெட்டில் உண்மையாகவே அழுத்தம் குறைந்த இடம் முன்விளிம்பைத் தாண்டிச் சற்றுப் பின்னால், வளைந்து சமனாகும் பகுதியில் இருக்கிறது. 2022-இல் வந்த புதிய நாஸ்கார் காரில் ரேடியேட்டர் காற்று பானெட்டின் மேலுள்ள துவாரங்கள் வழியே வெளியேறுகிறது.

இனி, யாருக்குத் திறப்பது நியாயம் என்று பார்ப்போம். கம்பெனி கொடுத்ததைவிட அதிக வெப்பத்தை நீங்கள் உண்டாக்கினால் நியாயம். இன்ஜின் கணினியான ஈ.சி.யூ.வை ரீமேப் செய்து டர்போவின் பூஸ்ட்டை ஏற்றியவர்கள், பெரிய இன்டர்கூலரைக் கீழ் பம்பருக்குப் பின்னால் வைத்தவர்கள், இருங்காட்டுக்கோட்டை தளத்திலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ டிராக் டே போகிறவர்கள். 35 டிகிரி வெளிக்காற்றை டர்போ ஒரு பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால் அது 120 டிகிரியைத் தாண்டிவிடும். அதை இன்டர்கூலர் இறக்காவிட்டால் ரீமேப்புக்குக் கொடுத்த பணம் தண்டம். இன்ஜினின் கணினியே பயந்து சக்தியைக் குறைத்துவிடும். இன்டர்கூலருக்கு முன்னால் மூடிய பிளாஸ்டிக் இருந்தால் திறக்கத்தான் வேண்டும்.

அந்த மூடிய பிளாஸ்டிக் ஒரு வேடிக்கை. ஒரே பம்பர் அச்சில் சாதா பெட்ரோலுக்கும் டர்போவுக்கும் சேர்த்து வார்ப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அறுகோணக் கண்ணிகள். விரலை வைத்துப் பாருங்கள், பாதிக் கண்ணிகளில் உள்ளே போகாது. பின்னால் அடைப்பு. இங்கே அறுக்கிறவர் பம்பரைக் கழற்றித் தரையில் போர்வை விரித்துக் கவிழ்த்துப் போட்டுச் செய்ய வேண்டும்; காரிலேயே வைத்து கிரைண்டர் விட்டால் கண்டென்சர் போய்விடும். அடைப்பை மட்டும் எடுங்கள், கண்ணிகளின் விலா எலும்புகளை விட்டுவிடுங்கள். அவைதான் பம்பரின் அந்தப் பகுதி வேகத்தில் படபடக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. உள்ளே தெரியும் இரும்பு பீமையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் ஃபோமையும் தொடவே கூடாது. முன்னால் இடித்தால் முதல் அடியை வாங்குகிறவை அவை. ஃபோமை வழியில் நிற்கும் குப்பை என்று வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கோபம்தான் வருகிறது.

வெட்டியபின் வலை. இல்லையென்றால் லாரி தெறிக்கும் சரளைக்கல் ஒன்று கண்டென்சரில் பட்டால் போதும், ஏ.சி. கேஸ் முழுதும் போய்விடும். வலையிலும் ஒரு கணக்கு உண்டு. பத்து மில்லிமீட்டர் அறுகோணக் கண்ணி, நடுவே இரண்டு மில்லிமீட்டர் சட்டம் என்றால் திறந்த பரப்பு 69 சதவீதம்தான். கண்ணி ஐந்தாகி, சட்டம் இரண்டாகவே இருந்தால் 51 சதவீதம். கடையில் தடிமனாக, கம்பீரமாகத் தெரியும் பல கிரில்கள் கம்பெனி கிரில்லைவிடக் குறைவாகவே காற்றை விடும். ஆகவே மெல்லிய கம்பி, பெரிய கண்ணி. கொசுவலை போல நெருக்கமாக வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்காலப் பயணத்தில் பூச்சி அடைத்துச் சுவராகிவிடும். பிறகு, வாய்க்கும் இன்டர்கூலருக்கும் நடுவே நான்கு பக்கமும் தகடோ பிளாஸ்டிக்கோ வைத்து மூடி, ஓரங்களுக்கு ஃபோம் ஒட்டுங்கள். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் அறுக்கும் வேலையையும் விட்டுவிடுவது நல்லது.

முகத்தோற்றத்துக்காக மட்டும் கிரில் மாற்றுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கிரில் என்பது காரின் முகம். கம்பெனிகளே அதற்காகக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். மஹிந்திராவின் ராக்ஸர் தங்கள் ஜீப்பின் முகத்தைக் காப்பியடிக்கிறது என்று ஃபியட் கிரைஸ்லர் 2018-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்து, 2020-இல் சாதகமான தீர்ப்பும் வாங்கியது. மஹிந்திரா முகத்தை மாற்ற வேண்டியிருந்தது. பி.எம்.டபிள்யூ.வின் மின்சார ஐஎக்ஸ் காரில் அந்த இரட்டைக் கிரில் முழுதும் மூடிய பலகை. அதற்குப் பின்னால் இருப்பவை கேமராவும் ரேடாரும். அதிலிருந்து நமக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. எக்ஸ்யூவி700 தொடங்கி இப்போது பல இந்தியக் கார்களில் முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானே பிரேக் போடும் ரேடார் முகத்திலேயே இருக்கிறது. அதன் அலைநீளம் நான்கு மில்லிமீட்டர் அளவு. அதற்கு முன்னால் உலோக வலையைப் போட்டால் அதற்குக் கண் தெரியாது. சட்டத்தைப் பொறுத்தவரை, பதிவுச் சான்றில் கிரில் என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் கிரில்லோடு சேர்த்து முன்னால் இரும்புக் குழாய்க் காவடி கட்டுகிறீர்களே, அந்த புல் பாருக்கு எதிராக மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி, 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வாரண்டி உள்ள காரில் எதை வெட்டினாலும் சர்வீஸ் சென்டரில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கிரில்லைத் திறக்கிறபோது பலர் கூடவே இன்ஜின் மூச்சு விடும் குழாயையும் கீழே இறக்கி, பம்பர் வாய்க்கு நேராகக் கொண்டுவருகிறார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பது சரி. பத்து டிகிரி குறைந்தால் அடர்த்தி மூன்று சதவீதம் கூடும். அந்த மூன்று சதவீதத்துக்காகக் குழாயின் வாயைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு இறக்குவது சென்னையில் வாழ்கிறவர் செய்கிற காரியமல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீருக்குள் ஓட்டப்பட்டு, ஒரு மடக்குத் தண்ணீரைக் குடித்து, கனெக்டிங் ராடு வளைந்து நின்ற கார்கள் எத்தனையோ. தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, வளைவது இரும்புதான். கம்பெனி அந்தக் குழாயை ஹெட்லைட் உயரத்துக்கு மேல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை அங்கேயே விடுங்கள்.

எதைச் செய்தாலும் செய்வதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி ஒன்று வாங்கினால் கூலண்ட் வெப்பம், இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் இரண்டையும் போனிலேயே காட்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் 75-இலிருந்து 105 டிகிரி வரை அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஏற்றம், ஒரே நேரம், அதே ஆட்கள், அதே ஏ.சி. முதல் நாள் கம்பெனி கிரில்லோடு. அடுத்து, ஃபிளாப்பும் ஃபோமும் போட்டு. அதற்கும் சூடு இறங்காவிட்டால் கிரில் பக்கம் வாருங்கள். இடையில் ஒருமுறை கண்டென்சரையும் ரேடியேட்டரையும் பிரித்து, நடுவே அடைத்திருக்கும் பஞ்சு, தூசி, பூச்சியைக் கழுவிப் பாருங்கள். அந்தச் சந்தில் இருப்பதைப் பார்த்தால் பல பேர் அறுக்கும் யோசனையையே விட்டுவிடுவார்கள். குழாயும் சாயத் தண்ணீரும் வைத்து அழுத்தம் அளக்கிறவர்கள், குழாயின் ஒரு முனையைக் கண்டென்சருக்கு முன்னாலும் மறுமுனையை ரேடியேட்டருக்குப் பின்னாலும் விடுங்கள். ஃபேன் ஓடாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படிக்கட்டும், ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். மாற்றம் செய்தபின் அந்த வித்தியாசம் குறைந்திருந்தால், எவ்வளவு அழகாக அறுத்திருந்தாலும் பழைய ஜாலியைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

அடுத்த வாரம்: தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

(தொடரும்)